மவுஸ் வீல் சொன்னபடி கேட்கவில்லையா? போட்டோ எடிட்டிங் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படத்தைப் பெரிதாக்கலாம் என்று வீலை உருட்டினால் படம் மேலே ஓடுகிறது. கீழே நகர்த்தலாம் என்று உருட்டினால் சுருங்கிப் புள்ளியாகிறது. பிரஷ் அளவைக் கூட்டப் போனால் படத்தின் நிறமே மாறி நிற்கிறது. எடிட்டிங் பழக ஆரம்பிக்கிறவர்கள் இதில் ஏதாவது ஒன்றில் சீக்கிரமே மாட்டிக்கொள்வார்கள். மவுஸ் போய்விட்டது என்று புது மவுஸ் வாங்குகிறவர்கள் உண்டு, மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை.

வீலை உருட்டும் அசைவு நேராகப் படத்துக்குப் போவதில்லை. மவுஸுடன் வந்த துணை மென்பொருள் இருந்தால் முதலில் அதன் கையில் விழும். பிறகு விண்டோஸ் அல்லது மேக். அதற்கப்புறம்தான் எடிட்டிங் மென்பொருள். அங்கேயும் கர்சர் எதன் மேல் நிற்கிறது, எந்தக் கீ அழுந்தியிருக்கிறது, கடைசியாக எந்தக் கட்டத்தை க்ளிக் செய்தீர்கள் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் வேலை நடக்கும். ஆகவே 'வீலுக்கு என்ன ஆயிற்று' என்று கேட்பதைவிட 'வீலை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள்' என்று கேட்பதுதான் பலன் தரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான்.

மென்பொருளுக்கு மென்பொருள் வீல் ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்பீர்கள். போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது 1990இல். வீல் வைத்த மவுஸைப் பரவலாக்கிய மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் வந்தது 1996இல். அதாவது போட்டோஷாப் பிறந்தபோது அதற்கு வீல் என்றால் என்னவென்றே தெரியாது. பின்னால் வந்த வீலுக்கு ஆளாளுக்குத் தோன்றிய வேலையைக் கொடுத்தார்கள், பொது விதி என்று எதுவும் உருவாகவில்லை.

படி 1: மவுஸா, மென்பொருளா?

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் நோட்பேடைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீலை மேல்நோக்கி ஒரே ஒரு 'டக்' மட்டும் நகர்த்துங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 100% என்று இருந்தது 110% ஆகும். அடுத்த டக்குக்கு 120%. இப்படி ஐந்து டக் போனால் 150%இல் நிற்க வேண்டும். பிறகு அதே மாதிரி கீழ்நோக்கி ஐந்து டக், 100%க்குத் திரும்ப வேண்டும். எண் தெரியவில்லை என்றால் வியூ மெனுவில் ஸ்டேட்டஸ் பாரை டிக் செய்துகொள்ளுங்கள்.

மெதுவாகத்தான் உருட்ட வேண்டும், வேகமாகச் சுழற்றினால் குறை தெரியாது. 110, 120, மறுபடி 110, அப்புறம் 130 என்று முன்னும் பின்னும் ஆடினால் கோளாறு வீலிலேயே இருக்கிறது. நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம். இரண்டு டக்குக்கு ஒரு முறைதான் எண் மாறுகிறது என்றாலும் அதே கதைதான். எண்கள் ஒழுங்காக ஏறி இறங்கினால் மவுஸ் குற்றவாளி இல்லை.

சில விலை கூடிய மவுஸ்களில் 'டக்' சத்தமே இல்லாமல் வீல் வழுக்கிக்கொண்டு சுழலும். வீலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் பல் பல்லாக நகரும் நிலைக்கு வரும். எடிட்டிங் செய்யும்போது இந்த நிலையில் வைத்துக்கொள்வதே நல்லது. விண்டோஸ் கணக்கில் வீலின் ஒரு டக் என்பது 120 அலகு. வழுவழு வீல்கள் இந்த 120ஐத் துண்டு துண்டாக அனுப்பும். துண்டுகளைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த மென்பொருளில் ஜூம் மென்மையாக நகரும். தெரியாததில் ஒவ்வொரு துண்டும் ஒரு முழு டக்காகக் கணக்காகி, படம் முகத்துக்கு நேரே பாயும். மவுஸுடன் வந்த துணை மென்பொருளில் 'ஸ்மூத் ஸ்க்ரோலிங்' என்ற வசதி ஆனில் இருந்தாலும் இதே மாதிரி நடக்கலாம். அதை ஆஃப் செய்து ஒரு முறை பாருங்கள்.

படி 2: கீபோர்டைச் சந்தேகப்படுங்கள்

நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. எடிட்டிங் மென்பொருள்களில் வீலின் வேலையை மாற்றுவது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகிய மூன்று கீகள். அதில் ஒன்று அழுந்தியே இருந்தால், அல்லது அழுந்தியிருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்தால், வீல் வேறு வேலைதான் செய்யும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த வீல் இன்று எல்லா மென்பொருளிலும் ஜூம் மட்டுமே செய்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்ட்ரோல் கீ மேல் விழ வேண்டும்.

இடது, வலது இரண்டு பக்கத்துக் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் கீகளையும் ஒவ்வொரு முறை தட்டி விடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஷிஃப்டை வரிசையாக ஐந்து முறை தட்டினால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் பற்றி ஒரு கேள்விப் பெட்டி வரும். அவசரத்தில் அதற்கு 'யெஸ்' கொடுத்திருந்தால் ஒரு முறை தட்டிய கீகூட அழுத்திப் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதை ஆஃப் செய்யுங்கள்.

பென் டேப்லெட் வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்தில் உள்ள பட்டன்களையும் பாருங்கள். அதில் ஒன்றுக்குக் கண்ட்ரோலோ ஆல்ட்டோ ஒதுக்கியிருக்கும், மேலே ஒரு புத்தகத்தின் விளிம்பு கிடந்தாலே போதும். லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு டச்பேட் இன்னொரு தொல்லை. உள்ளங்கை பட்டு இரண்டு விரல் உரசியது போல் ஆனால் படம் தானாக நகரும், சுருங்கும். மவுஸ் இணைத்திருக்கும்போது டச்பேடை அணைத்துவிடும் வசதி விண்டோஸ் செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

படி 3: உங்கள் மென்பொருளில் வீலின் வேலை என்ன?

போட்டோஷாப்

முதன்முதலில் திறக்கும்போது இருக்கிற ஏற்பாடு இது: வீலை மட்டும் உருட்டினால் படம் மேலும் கீழும் நகரும். கண்ட்ரோலுடன் உருட்டினால் இடம் வலமாக நகரும். ஆல்ட்டுடன் உருட்டினால் ஜூம். மேக் என்றால் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன். பிரவுசரிலும் வேர்டிலும் கண்ட்ரோலுடன் ஜூம் செய்து பழகிய கைக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

மாற்ற வேண்டுமானால் கண்ட்ரோல் கே அழுத்துங்கள், பிரிஃபரன்சஸ் திறக்கும். இடது பக்கப் பட்டியலில் டூல்ஸ் என்பதற்குப் போய் 'ஜூம் வித் ஸ்க்ரோல் வீல்' என்பதை டிக் செய்யுங்கள். இனி எந்தக் கீயும் இல்லாமல் வீல் ஜூம் செய்யும், அதுவும் கர்சர் இருக்கும் இடத்தை நோக்கியே. முகத்தில் ஒரு பருவை எடுக்க வேண்டுமென்றால் கர்சரைப் பரு மேல் வைத்து உருட்டினால் போதும், படத்தை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் புதியவர்கள் முதல் நாளே இதை டிக் செய்துவிடலாம். படத்தை நகர்த்த ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து மவுஸால் இழுங்கள். ஜிம்ப், கிருதா, போட்டோபீ என்ற மற்ற எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த ஸ்பேஸ் பார் பழக்கம் செல்லும், ஒரு முறை கற்றால் போதும்.

வீல் ஜூம் திக்கித் திக்கி வருகிறது என்றால் அதே டூல்ஸ் பக்கத்தில் உள்ள 'அனிமேட்டட் ஜூம்' டிக்கை எடுத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்து, போட்டோஷாப்பை மூடித் திறந்து சோதியுங்கள். இப்போது சரியாக ஓடினால் சிக்கல் கிராஃபிக்ஸ் டிரைவரில். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதை அப்படியே அணைத்து வைத்திருந்தால் வேறு பல வசதிகள் படுத்துவிடும்.

அடுத்ததுதான் போட்டோஷாப்பில் புதியவர்களை அதிகம் குழப்புவது. ஒரு லேயர் அடியில் உள்ளதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதைச் சொல்லும் மோடு பட்டியல் லேயர்ஸ் பேனலில் இருக்கிறது. அதில் 'நார்மல்' என்றிருப்பதைத் திறந்து 'மல்டிப்ளை' தேர்ந்தெடுக்கிறீர்கள். சரி, படம் எப்படி வந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வீலை உருட்டுகிறீர்கள். படம் பெரிதாகவில்லை, ஆனால் திடீரென்று நிழல்கள் கருகிப்போய் நிறங்கள் கொதிக்கின்றன. என்ன நடந்தது? விண்டோஸில் அந்த மோடு பட்டியல் மூடிய பிறகும் கட்டம் உங்கள் பிடியிலேயே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தக் கட்டம் மட்டும் லேசாக நிறம் மாறியிருக்கும். கீழ்நோக்கி ஒரு டக் உருட்டியதும் பட்டியலில் மல்டிப்ளைக்கு அடுத்த கலர் பர்னுக்குப் போய்விட்டது. மேல்நோக்கி உருட்டியிருந்தால் டார்க்கன் வந்திருக்கும், அது அவ்வளவாகக் கண்ணில் படாது என்பதால் இன்னும் ஆபத்து. பல வேலைகள் முடித்த பிறகுதான் நிறம் தப்பாக இருக்கிறது என்று தெரியும்.

மோடு தேர்ந்தெடுத்ததும் ஒரு முறை எஸ்கேப் தட்டிவிட்டுப் படத்துக்குப் போவது நல்ல பழக்கம். மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஹிஸ்டரி பேனலைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒரு முறை மாற்றியிருக்க, 'பிளெண்டிங் சேஞ்ச்' என்ற வரி கூடுதலாக நின்றால் வீல்தான் கைவைத்திருக்கிறது. ஃபான்ட் பட்டியலிலும் எண் எழுதும் கட்டங்களிலும் இதே விபத்து நடக்கலாம். எழுத்தின் அளவு 24 என்று டைப் செய்துவிட்டு அப்படியே உருட்டினால் 24 அங்கேயே நிற்கும் என்று நம்பாதீர்கள்.

பிரஷ் அளவை வீலால் மாற்றப் போட்டோஷாப்பில் நேரடி வழி இல்லை. சதுர அடைப்புக்குறிக் கீகள் இரண்டும் அதற்காகவே இருக்கின்றன: இடது குறி சிறிதாக்கும், வலது குறி பெரிதாக்கும். விண்டோஸில் ஆல்ட்டுடன் மவுஸின் வலது பட்டனைப் பிடித்து இடம் வலமாக இழுத்தாலும் அளவு மாறும். இது கைக்குப் பழகிவிட்டால் வீலைத் தேட மாட்டீர்கள்.

ஜிம்ப்

இங்கே கணக்கு வேறு. வீல் மட்டும் என்றால் மேலும் கீழும், ஷிஃப்டுடன் என்றால் இடம் வலம், கண்ட்ரோலுடன் என்றால் ஜூம். போட்டோஷாப்பிலிருந்து வந்தவர் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு உருட்டிப் பார்த்துவிட்டு 'ஜூம் வேலை செய்யவில்லை' என்பார். கீயை மாற்றினால் போதும்.

ஜிம்பின் அழகு, வீலுக்கு நீங்களே வேலை ஒதுக்கலாம் என்பது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் இன்புட் டிவைசஸ், அதன் அடியில் இன்புட் கண்ட்ரோலர்ஸ். 'மெயின் மவுஸ் வீல்' என்ற வரியை டபுள் க்ளிக் செய்தால் ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் 'ஸ்க்ரோல் அப்', 'ஸ்க்ரோல் டவுன்' ஒவ்வொன்றும் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் சேர்த்து எல்லா விதத்திலும் இருக்கும். உதாரணமாக ஷிஃப்டும் கண்ட்ரோலும் சேர்ந்த ஸ்க்ரோல் அப் வரியைத் தேர்ந்து, எடிட் கொடுத்து, தேடும் கட்டத்தில் 'சைஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். டூலின் அளவைக் கூட்டும் செயலைத் தேர்ந்தெடுங்கள். ஸ்க்ரோல் டவுனுக்குக் குறைக்கும் செயல். இனி வீலாலேயே பிரஷ் பெரிதாகும், சிறிதாகும்.

ஒன்று கவனம்: இந்தப் பட்டியலில் நீங்கள் ஒதுக்குவதற்குத்தான் முதல் உரிமை. வெறும் வீலுக்கு, அதாவது எந்தக் கீயும் சேராத ஸ்க்ரோல் அப்புக்கு, பிரஷ் அளவை ஒதுக்கிவிட்டால் படம் மேலும் கீழும் நகர்வது நின்றுபோகும். வேறு யாரோ பயன்படுத்திய கம்ப்யூட்டரில் ஜிம்ப் வீல் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இந்தப் பட்டியல்தான்.

டார்க்டேபிள்

ரா படங்களில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமித்த படங்களில், வேலை செய்பவர்களின் இலவச மென்பொருள். வீலை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தும் மென்பொருள் குறைவு, அதுவே வம்பும்கூட. வலது பக்கம் உள்ள மாட்யூல்களைக் கீழே தள்ளிப் பார்க்கலாம் என்று உருட்டுவீர்கள். கர்சர் போகிற வழியில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் மேல் நின்றால் அதன் அளவு மாறிவிடும். இதற்கு பிரிஃபரன்சஸில் ஒரு டிக் இருக்கிறது: 'மவுஸ் வீல் ஸ்க்ரோல்ஸ் மாட்யூல்ஸ் சைடு பேனல் பை டீஃபால்ட்'. டிக் செய்தால் வீல் பேனலை மட்டும் நகர்த்தும், ஸ்லைடரை மாற்றக் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்து உருட்ட வேண்டும். டிக் இல்லையென்றால் அப்படியே நேர்மாறு. புதியவர்கள் டிக் செய்து வைப்பதே பாதுகாப்பு.

ஸ்லைடர் மேல் உருட்டும்போது ஷிஃப்டும் சேர்த்தால் பத்து மடங்கு பெரிய தாவல், கண்ட்ரோல் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு நுணுக்கம். வட்ட மாஸ்க் (மாற்றம் படத்தின் எந்தப் பகுதியில் மட்டும் விழ வேண்டும் என்று குறிக்கும் வட்டம்) போடும்போது வீல் அளவை மாற்றும், ஷிஃப்டுடன் ஓரத்தின் மென்மையை மாற்றும், கண்ட்ரோலுடன் அடர்த்தியை மாற்றும். மாஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுவதற்கு முன், கண்ட்ரோலுடன் உருட்டி அடர்த்தியைக் குறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

மற்றவை

லைட்ரூம் கிளாசிக்கில் பிரஷ் கையில் இருக்கும்போது வீல் அதன் அளவை மாற்றும், ஷிஃப்டுடன் ஃபெதரை, அதாவது ஓரத்தின் மென்மையை, மாற்றும். ஸ்லைடர் மேல் கர்சரை வைத்து வீலை உருட்டினால் பேனல்தான் நகரும். அங்கே மேல், கீழ் அம்புக்குறிக் கீகளைத் தட்டினால் அளவு மாறும். கிருதாவில் வீல் என்றால் ஜூம்தான், பிடிக்காவிட்டால் கான்ஃபிகர் கிருதாவில் 'கேன்வாஸ் இன்புட் செட்டிங்ஸ்' பக்கத்தில் மாற்றலாம். போட்டோபீ பிரவுசருக்குள் ஓடுவதால் அங்கே கூடுதலாக ஓர் ஆள் நடுவில் இருக்கிறார். படம் அப்படியே இருக்க, மெனு எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டால் ஜூம் ஆனது பிரவுசர் பக்கம், படமல்ல. கண்ட்ரோலுடன் பூஜ்யத்தைத் தட்டினால் பக்கம் 100%க்குத் திரும்பும். தட்டும்முன் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் ஒரு க்ளிக் கொடுங்கள்.

படி 4: விண்டோஸ், மேக், லினக்ஸ் பக்கம்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ். ஒரு டக்குக்கு எத்தனை வரி நகர வேண்டும் என்ற அளவு இங்கே இருக்கும், வழக்கமாக 3. படம் ஒரே தாவலில் ஓடிப்போகிறது என்றால் 'ஒரு முழுத் திரை' என்ற தேர்வு தவறுதலாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் அருகிலேயே, கர்சர் நிற்கும் விண்டோவை க்ளிக் செய்யாமலே உருட்ட விடும் தேர்வும் இருக்கும். அது ஆஃப் ஆகியிருந்தால், இரண்டு விண்டோ பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யும்போது கர்சர் படத்தின் மேல் இருந்தும் வேறு விண்டோதான் நகரும்.

மேக்கில் வீல் தலைகீழாக ஓடுகிறது என்பதுதான் முதல் புகார். 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' தேர்வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் டிராக்பேடின் திசையும் கூடவே மாறிவிடும். இரண்டுக்கும் தனித்தனித் திசை வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் சிறு செயலிகளைத்தான் நாட வேண்டும். இன்னொன்று, மேக்கில் கண்ட்ரோலுடன் உருட்டும்போது திரை முழுவதும் பெரிதாகிறது என்றால் அது எடிட்டிங் மென்பொருளின் வேலையல்ல. அக்சசிபிலிட்டியில் ஜூம் பக்கத்துக்குப் போய் ஸ்க்ரோல் ஜெஸ்சர் டிக்கை எடுங்கள்.

லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஆல்ட்டுடன் வீல் உருட்டினால் திரை முழுக்கப் பெரிதாகும். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்போசிட்டர் பக்கத்தில் அதற்கான டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆல்ட்டும் வீலும் மறுபடி உங்கள் மென்பொருளுக்குக் கிடைக்கும்.

இதற்குப் பிறகும் போட்டோஷாப்பில் மட்டும் அடம் பிடித்தால், திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்திருங்கள். செட்டிங்ஸை அழிக்கவா என்று கேட்கும். நீங்கள் மாற்றி வைத்ததெல்லாம் போய்விடும் என்பதால் பிரஷ்களையும் ஆக்‌ஷன்களையும் முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மவுஸே கெட்டிருந்தால்

நோட்பேடில் எண்கள் முன்னும் பின்னும் ஆடினவா? வயர்லெஸ் மவுஸ் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து அந்தச் சின்ன ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரைக் கெடுக்கும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. படங்களை வெளி டிஸ்கிலிருந்து திறந்து வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ரிசீவரை மறுபக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மவுஸுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் வீலுக்குள் தூசி. மவுஸைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் பிடித்து, வீலைச் சுழற்றிக்கொண்டே இடுக்கில் காற்றடியுங்கள். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயரே போதும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

காற்றுக்கும் மசியவில்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் திறந்து பார்க்கலாம். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். திறந்ததும் வீலின் அச்சு ஒரு பக்கம் சிறிய சதுரப் பெட்டியின் அறுகோணத் துளைக்குள் போவது தெரியும், பெரும்பாலான சாதாரண மவுஸ்களில் இப்படித்தான். டக் டக் என்பதை எண்ணுவது அந்தப் பெட்டிதான், அதற்கு என்கோடர் என்று பெயர். உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகள் அழுக்குப் படிந்தால்தான் எண்ணிக்கை தப்புகிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் க்ளீனரோ ஒரு சொட்டு விட்டு, வீலை இரு பக்கமும் நன்றாகச் சுழற்றி, முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியை இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

மூடிய பிறகு மறுபடி நோட்பேடைத் திறந்து ஐந்து டக் மேலே, ஐந்து டக் கீழே. எண் இன்னும் ஆடினால் என்கோடர் தேய்ந்திருக்கிறது. சால்டரிங் தெரிந்தவர் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தெரியாதவர் வேறு மவுஸ் வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள்.